சூத்திரம் சிறிது, உரை பெரிது



இலக்கியம் பேசுகிறவர்களுக்குச் ‘சூத்திரம்’ என்ற சொல் புதியதன்று. 13 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் தமது நன்னூலில் அதற்கு இலக்கணம் வகுத்திருக்கிறார். எழுத்துச் சுருங்கியிருக்க வேண்டும். பொருள் விரிந்திருக்க வேண்டும். சிறிய கண்ணாடி பெரிய உருவத்தைத் தன்னுள் அடக்கிக் காட்டுவது போல அது அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. இதே சொல்லைத்தான் நம் பாடசாலைப் பிள்ளைகள் கணித வகுப்பிலும் கேட்கிறார்கள். வட்டத்தின் பரப்பளவுக்கு ஒரு சூத்திரம், விழும் கல்லின் வேகத்துக்கு ஒரு சூத்திரம் என்று மனனம் செய்கிறார்கள்.

சூத்திரம் சுருங்கச் சுருங்க அதற்கு உரை விரிந்துகொண்டே போகும் என்பதும் தமிழ் படித்தவர் அறிந்த செய்திதான். பௌதிகத்தின் வரலாற்றிலும் இவ்வாறே நிகழ்ந்திருக்கிறது. உண்மை எளிமையானது என்ற நம்பிக்கை விஞ்ஞானிகளிடம் மிகப் பழையது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்துப் போகவுமில்லை. ஆனால் எளிமை வேறு, இலகு வேறு. இயற்கை பற்றிய கொள்கை எளிமையாகிக்கொண்டு வந்த ஒவ்வொரு கட்டத்திலும் அதை வைத்துக் கணக்குப் பார்க்கும் வேலை கடினமாகிக்கொண்டே வந்திருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென மயங்கியவர்கள் சில வேளைகளில் சிறு தவறு செய்தார்கள். சில வேளைகளில் பெருந்தீங்கு செய்தார்கள். வானத்துக் கோள்களின் பாதை என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு இந்த வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

வட்டத்தின் மேல் வட்டம்

கி.பி. 150 ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தொலமி, வானியல் பற்றி 13 பாகங்கள் கொண்ட பெருநூல் ஒன்றை எழுதினார். அராபியர் வழியாக வந்த ‘அல்மகெஸ்ட்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பூமி நடுவில் அசையாது நிற்கிறது. கோள்கள் அதைச் சுற்றுகின்றன. ஆனால் செவ்வாய் போன்ற கோள்கள் சில மாதங்கள் முன்னோக்கிச் சென்று, பின்பு தயங்கி நின்று, பின்னோக்கி நகர்ந்து, மீண்டும் முன்னே செல்வதாகத் தோன்றுகின்றன. இதை விளக்கத் தொலமி பெரிய வட்டத்தின் மேல் சிறிய வட்டத்தை ஏற்றினார். வட்டத்தின் நடுப்புள்ளியைப் பூமியிலிருந்து சற்று விலக்கினார். வேறொரு புள்ளியிலிருந்து பார்த்தால் மட்டுமே சீராகத் தெரியும் வேகத்தையும் புகுத்தினார்.

கொள்கை என்ற வகையில் இது சிக்கலானதுதான். 13 ஆம் நூற்றாண்டில் கஸ்தீல் நாட்டை ஆண்ட பத்தாம் அல்போன்சோ மன்னர், “படைப்பின்போது என்னிடம் ஆலோசனை கேட்டிருந்தால் இதைவிட எளிமையான ஒழுங்கைச் சொல்லியிருப்பேன்” என்று கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதிலுள்ள சலிப்பு மெய்யானது. ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கருத்துத்தான் சிக்கலே தவிர, கணக்கு அவ்வளவு சிக்கலன்று. தொலமியே அரைப் பாகை அரைப் பாகையாக நாண்களின் நீளத்தை அட்டவணைப்படுத்தி வைத்திருந்தார். கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் பொறுமையும் உள்ள எவரும் அட்டவணையைப் பார்த்துச் செவ்வாய் இன்றிரவு எங்கே நிற்கும் என்று சொல்லிவிடலாம். பஞ்சாங்கக் கணிதருக்கு அது போதுமானதாயிருந்தது.

1543 இல் கொப்பர்னிக்கஸின் நூல் வெளிவந்தது. சூரியனை நடுவில் வைத்ததும் செவ்வாயின் பின்னோக்கிய நகர்ச்சிக்கு விளக்கம் தானாகவே கிடைத்துவிட்டது. விரைந்து செல்லும் புகையிரதத்தில் இருப்பவருக்கு, பக்கத்துப் பாதையில் மெதுவாகச் செல்லும் புகையிரதம் பின்னோக்கிப் போவது போலத் தோன்றுமல்லவா? பூமி செவ்வாயை முந்திச் செல்லும்போது நமக்குத் தோன்றுவதும் அதுவே. கருத்தளவில் இது மாபெரும் எளிமை.

ஆனால் கொப்பர்னிக்கஸும் வட்டத்தைக் கைவிடவில்லை. வானத்துப் பொருள்கள் வட்டத்தில் சீரான வேகத்தில்தான் செல்ல வேண்டும் என்ற பழைய நம்பிக்கையில் அவர் தொலமியைவிடவும் உறுதியாக நின்றார். எனவே அவரும் சிறு வட்டங்களை ஏற்ற வேண்டியதாயிற்று. தமது கொள்கையைச் சுருக்கமாகச் சொன்ன முதற் கையெழுத்துப் பிரதியில், வான் நடனம் முழுவதையும் விளக்க 34 வட்டங்கள் போதும் என்று பெருமையோடு முடித்திருந்தார். முப்பத்துநாலு வட்டங்களை எளிமை என்று கொள்வது இன்று நமக்கு வியப்பாக இருக்கலாம். வட்டமே எளிமையின் வடிவம் என்று ஈராயிரம் ஆண்டுகள் மனிதர் எண்ணியிருந்ததன் விளைவு அது.

எட்டுக் கலையின் விலை

அந்த வட்டத்தை உடைத்தவர் யோகான்னஸ் கெப்ளர். தைக்கோ பிராகே என்ற டென்மார்க் நாட்டு வானியலாளர், தொலைநோக்கி இல்லாத அக்காலத்தில் வெறுங்கண்ணாலேயே மிக நுட்பமான அவதானங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவை கெப்ளர் கைக்கு வந்தன. செவ்வாய்க்கு ஒரு வட்டப் பாதையைப் பொருத்திப் பார்க்க முயன்ற கெப்ளர், அந்தக் கணக்கை 70 தடவைகளேனும் திரும்பச் செய்ததாகவும், படித்துச் சலிப்படையும் வாசகர் தம்மீது இரக்கம் கொள்ள வேண்டும் என்றும் தமது நூலில் எழுதியிருக்கிறார்.

அவ்வளவு பாடுபட்டும் அவதானத்துக்கும் கணக்குக்கும் 8 கலை வித்தியாசம் எஞ்சி நின்றது. ஒரு பாகையில் 60 கலைகள். 8 கலை என்பது முழுநிலவின் குறுக்களவில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு. வேறொருவராயின் அதைப் பொருட்படுத்தாது விட்டிருப்பார். தைக்கோவின் அளவீட்டில் அவ்வளவு பெரிய பிழை இருக்க முடியாது என்று கெப்ளர் நம்பினார். தமது ஆண்டுக் கணக்கான உழைப்பைத் தாமே தள்ளிவைத்தார். 1609 இல் வெளியிட்ட நூலில் செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று அறிவித்தார்.

எத்தனையோ வட்டங்கள் நின்ற இடத்தில் இப்போது ஒரு கோளுக்கு ஒரே வளைகோடு. சூத்திரம் சுருங்கிவிட்டது. ஆனால் உரை? வட்டத்தில் சீராகச் செல்லும் பொருள் நாளை எங்கே இருக்கும் என்று கேட்டால் சிறுபிள்ளையும் சொல்லிவிடும். பாதி நேரத்தில் பாதிச் சுற்று. நீள்வட்டத்தில் கோள் சூரியனுக்கு அண்மையில் விரைந்தும் சேய்மையில் மெதுவாகவும் செல்கிறது. அது குறித்த நேரத்தில் நிற்கும் இடத்தைக் காணக் கெப்ளர் எழுதிய சமன்பாட்டில் ஒரு கோணமும் அதே கோணத்தின் சைன் மதிப்பும் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்க நேர்வழி இல்லை. உத்தேசமாக ஒரு விடையை எடுத்து, பிழையைப் பார்த்து, திருத்தி, மீண்டும் திருத்தித்தான் நெருங்க வேண்டும். தம்மால் இதை நேராகத் தீர்க்க முடியவில்லை என்று கெப்ளரே ஒப்புக்கொண்டு, வல்லவர் முன்வருமாறு கணிதரை அழைத்தார். 1627 இல் அவர் தமது கோள் அட்டவணைகளை வெளியிட்டபோது, 1614 இல் நேப்பியர் உலகுக்கு அளித்த மடக்கைகளே அவருக்குக் கைகொடுத்தன.

அவர் காலத்தவரான கலிலியோ இந்த நீள்வட்டத்தை ஏற்கவில்லை. 1632 இல் வெளிவந்த அவரது புகழ்பெற்ற உரையாடல் நூல் அதைப் பற்றிப் பேசவேயில்லை. வட்டத்தின் எளிமை அவ்வளவு பெரிய அறிஞரையும் கட்டிப் போட்டிருந்தது.

ஒரு விதியும் ஒரு சந்திரனும்

1684 ஆம் ஆண்டு எட்மண்ட் ஹேலி கேம்பிரிட்ஜுக்குச் சென்று நியூற்றனிடம் ஒரு கேள்வி கேட்டார்: சூரியனின் இழுவிசை தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையுமாயின் கோளின் பாதை எவ்வாறிருக்கும்? நீள்வட்டமாயிருக்கும் என்று நியூற்றன் உடனே விடை சொன்னார். கணக்கு எழுதிய தாளைத் தேடினார், கிடைக்கவில்லை. சில மாதங்களின் பின் 9 பக்கங்களில் நிறுவலை அனுப்பினார். அந்த 9 பக்கங்கள் 1687 இல் ஏறத்தாழ 500 பக்கங்கள் கொண்ட ‘பிரின்சிப்பியா’வாக வளர்ந்தன.

அண்டம் முழுவதற்கும் ஒரே விதி. மாமரத்துக் கனிக்கும் சந்திரனுக்கும், வியாழனுக்கும் கடல் வற்றுப்பெருக்குக்கும் அதுவே. இதைவிடச் சுருங்கிய சூத்திரம் அதுவரை உலகில் இருந்ததில்லை. ஆனால் எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கிறது என்று சொன்ன கணத்திலேயே ஒரு தொல்லையும் பிறந்தது. சூரியனும் ஒரு கோளும் மட்டும் இருந்தால் நீள்வட்டம். மூன்றாவதாக ஒன்று வந்துவிட்டால் நீள்வட்டமும் குலைந்துவிடுகிறது. சந்திரனைப் பூமி இழுக்கிறது, சூரியனும் இழுக்கிறது. சந்திரனைப் பற்றிய ஆராய்ச்சி மட்டுமே தமக்குத் தலைவலி தந்தது என்று நியூற்றன் நண்பரிடம் சொன்னதாகக் கூறுவர்.

சந்திரனின் நீள்வட்டம் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. அதன் நீண்ட அச்சு மெல்லத் திரும்பி ஏறத்தாழ 9 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. நியூற்றனின் விதியைக் கொண்டு கணக்கிட்டால் 18 ஆண்டுகள் என்று விடை வந்தது. சரிபாதிப் பிழை. 1747 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் அலெக்சி கிளேரோ எழுந்து, நியூற்றனின் விதி போதாது, தூரத்தின் நாலாம் அடுக்கோடு குறையும் இன்னோர் உறுப்பையும் சேர்க்க வேண்டும் என்று அறிவித்தார். ஓய்லரும் தலம்பேரும் தனித்தனியே கணக்கிட்டு இதே முரண்பாட்டைக் கண்டிருந்தார்கள்.

இயற்கை வரலாற்று அறிஞர் பஃபோன் இதை வன்மையாக எதிர்த்தார். அவர் கையாண்டது கணக்கை அன்று, தத்துவத்தை. இயற்கையின் விதி எளிமையானது. அது ஒரே உறுப்பால் ஆனதாயிருக்க வேண்டும். இரண்டு உறுப்பு வந்தால் அது ஒரு விதியாகாது என்று வாதாடினார்.

கிளேரோ அவரோடு சொற்போர் நடத்தியதோடு நிற்கவில்லை. மீண்டும் கணக்கில் அமர்ந்தார். மிகச் சிறியவை என்று தாம் முன்பு தள்ளிவிட்ட உறுப்புகளை இம்முறை தள்ளாமல் எடுத்துச் சென்றார். அவை சிறியவை அல்ல என்பது தெரிய வந்தது. 1749 இல் அதே கழகத்தில் எழுந்து, நியூற்றனின் விதி சரியே, 9 ஆண்டு என்ற விடை அதிலிருந்தே வருகிறது என்று அறிவித்தார்.

பஃபோன் வென்றார் என்று சொல்லலாமா? முடிவு அவர் சொன்னதுதான். ஆனால் அந்த முடிவை அறிந்துகொள்ள அவருடைய வழி எவ்விதத்திலும் உதவவில்லை. எளிமையை அவர் நம்பினார். கிளேரோ அதைச் சோதித்தார். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னர் தேவைப்படும்.

அதன் பிறகு வந்த உரைகாரர்களின் உழைப்பு மலைக்க வைப்பது. ஹேலியின் வால்வெள்ளி திரும்பும் காலத்தைக் கணிக்கக் கிளேரோவும் லாலாந்தும் நிக்கோல்-ரெய்ன் லெப்போத் என்ற பெண்மணியும் மாதக் கணக்கில் காலை முதல் இரவு வரை எண்களோடு போராடினார்கள். 1759 ஏப்ரில் நடுப்பகுதி என்று சொன்னார்கள். வால்வெள்ளி மார்ச் 13 இல் சூரியனுக்கு மிக அண்மையில் வந்தது. சந்திரனின் இயக்கத்துக்கு முழுமையான சூத்திரம் எழுத முனைந்த சார்ள் தெலோனே 20 ஆண்டுகள் தனியே உழைத்து, 1860 இலும் 1867 இலும் ஒவ்வொன்றும் 900 பக்கங்களுக்கு மேற்பட்ட இரு தொகுதிகளை வெளியிட்டார். 1970 இல் அமெரிக்காவில் ஒரு கணினி அவருடைய வேலையை ஏறத்தாழ 20 மணித்தியாலத்தில் சரிபார்த்தது. மிகச் சில பிழைகளே அகப்பட்டன.

பல பொருள்களின் இயக்கத்துக்குப் பொதுவான தீர்வைக் காண்பவருக்குச் சுவீடன் மன்னர் ஒஸ்காரின் 60 ஆவது பிறந்தநாளையொட்டி, 1889 இல், ஒரு பரிசு வழங்கப்பட்டது. பரிசு பெற்ற ஹென்றி புவான்காரேயின் கட்டுரை அச்சேறிக்கொண்டிருந்தபோது அதில் ஒரு தவறு இருப்பதை அவரே கண்டார். அச்சிட்ட பிரதிகளைத் திரும்பப் பெற்று மறுபடி அச்சிட அவர் கொடுத்த தொகை 3585 குரோனர்; பெற்ற பரிசோ 2500 குரோனர். ஆனால் அந்தத் தவறைத் திருத்தும்போதுதான் அவர் இன்று நாம் ‘ஒழுங்கின்மைக் கொள்கை’ என்று சொல்லும் துறையின் வாசலைத் திறந்தார். மூன்றே பொருள்கள், ஒரே ஒரு விதி. ஆயினும் தொடக்கத்தில் ஒரு மயிரிழை வேறுபாடு இருந்தால் முடிவு அடையாளமே தெரியாதபடி மாறிவிடலாம். எளிமையான விதியிலிருந்து எளிமையான விளைவுதான் வரவேண்டும் என்ற எண்ணம் அன்றோடு முடிந்தது.

புதனின் 43 விகலை

இதற்கிடையில் நியூற்றனின் விதியில் இன்னொரு கீறல் விழுந்திருந்தது. 1846 இல் கணக்கு மூலமே நெப்தியூன் கோள் இருக்குமிடத்தைச் சொன்ன லெவெரியே, 1859 இல் புதனைப் பற்றி ஒரு செய்தி வெளியிட்டார். புதனின் நீள்வட்டமும் மெல்லத் திரும்புகிறது. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் ஒரு சிறு மிச்சம் நிற்கிறது. பின்னர் நியூகொம் திருத்திய கணக்கின்படி அது நூறு ஆண்டுகளுக்கு 43 விகலை. ஒரு பாகையில் 3600 விகலைகள். அந்த மிச்சம் ஒரு பாகையாகச் சேர்வதற்கே 8000 ஆண்டுகளுக்கு மேலாகும்.

புதனுக்கும் சூரியனுக்கும் இடையே இன்னொரு கோள் இருக்கலாம் என்று எண்ணி, அதற்கு ‘வல்கன்’ என்று பெயருமிட்டுத் தேடினார்கள்; அப்படி ஒன்று இருக்கவில்லை. 1894 இல் ஆசாப் ஹோல் என்ற அமெரிக்க வானியலாளர், நியூற்றனின் விதியில் வரும் 2 என்ற அடுக்கை 2.00000016 என்று மாற்றினால் போதும் என்றார். கணக்கு ஒத்துவந்தது. ஆனால் இப்படி ஒட்டுப்போட்ட எண்ணைப் பார்த்து மனம் ஒப்பாதவர் பலர். பின்னர் சந்திரனின் இயக்கத்தை நுணுக்கமாக ஆராய்ந்த ஏர்னஸ்ட் பிரவுண், அந்த எண் சந்திரனுக்குப் பொருந்தாது என்று காட்டினார். இம்முறையும் அழகில்லாத திருத்தத்தைத் தள்ளியது அழகுணர்ச்சியன்று, அளவீடே.

1907 இல் பேர்ண் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த ஐன்ஸ்டீனுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. உயரத்திலிருந்து விழுகிறவன் விழும்போது தன் எடையை உணர்வதில்லை. அவ்வளவுதான். தம் வாழ்வின் மிக மகிழ்ச்சியான எண்ணம் என்று அதைப் பிற்காலத்தில் அவர் குறிப்பிட்டார். மாங்காய் பறிக்க ஏறி வழுக்கிய சிறுவனுக்கும் விளங்கக்கூடிய எண்ணம். ஈர்ப்பு என்பது ஒரு விசையே அன்று, இடமும் காலமும் வளைந்திருக்கும் தன்மை என்ற கொள்கை இதிலிருந்து பிறந்தது.

அந்த எளிமையான எண்ணத்தைச் சமன்பாடாக்க அவருக்கு 8 ஆண்டுகள் ஆயின. உயர் கணிதத்தை அவர் அதுவரை ஓர் ஆடம்பரமாகவே கருதிவந்தார். 1912 இல் சூரிச் நகருக்குத் திரும்பியதும் பழைய வகுப்புத் தோழரான கணிதப் பேராசிரியர் மார்செல் கிறொஸ்மனிடம் உதவி கேட்டார். ரீமன் 1854 இல் தொடக்கிவைத்து, ரிச்சியும் லெவி-சிவிற்றாவும் வளர்த்தெடுத்திருந்த வளைந்த வெளிகளின் கணிதத்தைக் கிறொஸ்மன் அவருக்குக் காட்டினார். அந்த ஆண்டு நண்பர் சொமர்ஃபெல்டுக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தின்மீது தமக்குப் பெருமதிப்பு ஏற்பட்டுவிட்டதாகவும், இந்தப் பிரச்சினையோடு ஒப்பிட்டால் தமது பழைய சார்புக் கொள்கை சிறுபிள்ளை விளையாட்டு என்றும் ஐன்ஸ்டீன் தெரிவித்தார்.

1913 இல் முதல் வடிவம் ஒன்றை வெளியிட்டார். அதைக் கொண்டு புதனைக் கணக்கிட்டபோது 43 இற்குப் பதிலாக 18 விகலையே வந்தது. 1915 நவம்பரில், நாலு வியாழக்கிழமைகளில் நாலு கட்டுரைகளைப் பிரஷ்ய விஞ்ஞானக் கழகத்தில் அவர் சமர்ப்பித்தார். 18 ஆம் திகதிக் கட்டுரையில் 43 விகலை கிடைத்துவிட்டது. தமக்கு நெஞ்சு படபடத்ததாக நண்பர் ஒருவரிடம் அவர் பின்னர் சொன்னார். 25 ஆம் திகதி இறுதிச் சமன்பாடுகள் வந்தன.

சுருக்கெழுத்தில் அவை ஒரே வரி. விரித்தால் ஒன்றோடொன்று பின்னிய 10 சமன்பாடுகள். இன்னும் விரித்தால் ஆயிரக்கணக்கான உறுப்புகள். ஈர்ப்பிலுள்ள சத்தியும் தன் பங்குக்கு ஈர்ப்பை உண்டாக்குவதால், இரண்டு பொருள்களின் விளைவைத் தனித்தனியே கண்டு கூட்டிவிடவும் முடியாது.

இங்கு பஃபோனை நினைத்துப் பார்ப்போம். ஐன்ஸ்டீனின் கொள்கை புதனின் பாதைக்குத் தரும் திருத்தத்தைப் பழைய நியூற்றன் பாணியில் எழுதினால், அது தூரத்தின் நாலாம் அடுக்கோடு குறையும் ஓர் உறுப்பாக வருகிறது. காரணமும் அளவும் வேறாயினும், உருவத்தில் அது 1747 இல் கிளேரோ முன்வைத்துப் பின் கைவிட்ட அதே உறுப்பு. ஒரே உறுப்புத்தான் இருக்க முடியும் என்ற பஃபோனின் தத்துவம் சந்திரனிடம் தப்பிப் பிழைத்து, புதனிடம் தோற்றது. எளிமை உண்மையில் இருந்தது. ஆனால் அவர் தேடிய இடத்தில் இருக்கவில்லை. அது இன்னும் ஆழத்தில், விழுகிறவன் எடையை உணர்வதில்லை என்ற எண்ணத்தில் இருந்தது.

எளிமை ஆயுதமானபோது

விளங்காத ஒன்றைப் பொய் என்று சொல்வது மனித இயல்பு. ஆனால் அது அரசியலோடு சேரும்போது என்ன நிகழும் என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே சான்று உண்டு. 1920 செப்டெம்பரில் ஜேர்மனியின் பாட் நௌகைம் நகரில் நடந்த விஞ்ஞானிகள் மாநாட்டில் பிலிப் லேனாட் ஐன்ஸ்டீனை நேருக்கு நேர் எதிர்த்தார். லேனாட் சாதாரணமானவரல்லர், 1905 இல் நோபல் பரிசு பெற்ற பரிசோதனையாளர். இயற்கை விஞ்ஞானியின் எளிய அறிவுக்கு இக்கொள்கை புலப்படவில்லை என்பது அவர் குற்றச்சாட்டுகளில் ஒன்று. எது புலப்படுவது என்பதே காலத்தோடு மாறுகிறது என்று ஐன்ஸ்டீன் மறுமொழி சொன்னார்.

ஐன்ஸ்டீனின் அந்த மறுமொழியில் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. பூமி சுழல்கிறது என்பது ஒரு காலத்தில் யாருக்கும் புலப்படவில்லை. வெறுவெளியைக் கடந்து சூரியன் பூமியை இழுக்கிறது என்பது நியூற்றன் காலத்தவர் பலருக்கு மாந்திரீகமாகத் தோன்றியது.

லேனாட் அங்கே நிற்கவில்லை. நாற்சிகள் ஆட்சிக்கு வந்த பின், 1936–37 இல் ‘ஜேர்மன் பௌதிகம்’ என்ற தலைப்பில் நாலு தொகுதிகள் வெளியிட்டார். கண்ணுக்கும் கைக்கும் புலப்படும் எளிய பௌதிகம் ஆரியருடையது, கணிதச் சிக்கல் நிறைந்த பௌதிகம் யூதருடையது என்பது அவரும் யோகான்னஸ் ஸ்டார்க்கும் பரப்பிய பிரசாரம். யூதரல்லாத ஹைசன்பேர்க்கையும் 1937 இல் எஸ்.எஸ். படையின் பத்திரிகை ‘வெள்ளை யூதர்’ என்று தூற்றியது. ஐன்ஸ்டீன் 1933 இல் பிரஷ்யக் கழகத்திலிருந்து விலகினார். ஜேர்மனிக்கு அவர் திரும்பவேயில்லை. ஏராளமான விஞ்ஞானிகள் பதவி இழந்து நாட்டைவிட்டு வெளியேறினர். ‘எளிமை’ என்ற இனிய சொல்லைக் கொண்டு மனிதரைத் துரத்தவும் முடியும் என்பதை அந்த நாடு உலகுக்குக் காட்டியது.

உரையும் ஒரு நாள் எளிதாகும்

கணிதக் கடினமே உண்மையின் அடையாளம் என்று இதிலிருந்து கொண்டுவிடக் கூடாது. தொலமியின் வட்டங்களும் ஹோலின் அடுக்கும் அந்த எண்ணத்தைப் போக்கப் போதும். கடினம் என்பதும் நிலையானதன்று. மின்னையும் காந்தத்தையும் இணைத்து 1865 இல் மக்ஸ்வெல் எழுதிய கட்டுரையில் 20 சமன்பாடுகள் இருந்தன. பல்கலைக்கழகம் சென்றறியாத, 16 வயதிலேயே பாடசாலையை விட்ட ஒலிவர் ஹெவிசைட் என்பவர் 1880களில் புதிய குறியீட்டின் உதவியால் அவற்றை நாலாகச் சுருக்கினார். நியூற்றன் பிரின்சிப்பியாவில் கேத்திர கணிதத்தால் அரும்பாடுபட்டு நிறுவிய நீள்வட்டத்தை இன்று பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நுண்கணிதத்தால் ஒரு பக்கத்தில் நிறுவிவிடுகிறார். ஒரு தலைமுறையின் உரை அடுத்த தலைமுறைக்கு அரிச்சுவடியாகிவிடுகிறது. ஆனால் அதற்குள் புதிய சூத்திரம் ஒன்று பிறந்து புதிய உரையைக் கேட்கிறது.

பௌதிகவியலாளரிடையே ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. நியூற்றன் காலத்தில் மூன்று பொருள்களின் பிரச்சினையைத் தீர்க்க முடியவில்லை. ஐன்ஸ்டீனுக்குப் பின் இரண்டு பொருள்களின் பிரச்சினையையே தீர்க்க முடியவில்லை. சொட்டுக் கொள்கை வளர்ந்த பின்னரோ பொருளே இல்லாத வெறுவெளிகூடப் பிரச்சினையாகிவிட்டது என்பார்கள். வேடிக்கையாயினும் அதில் உண்மை உண்டு. ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளுக்கு முதலாவது திட்டமான தீர்வை, முதலாம் உலகப் போரின் ரஷ்ய முனையில் பணியாற்றிய கார்ல் சுவார்ட்ஸ்சைல்ட் சில வாரங்களுக்குள் கண்டுவிட்டார். 1916 மே மாதத்தில் அவர் நோயால் இறந்தார். ஆனால் அது ஒரே ஒரு பொருளுக்கான தீர்வு. இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி மோதி இணைவதை முழுமையாகக் கணிப்பதற்கு 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கணினியில் முதன்முதலாகச் செய்து காட்டியவர் ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸ். பத்தாண்டுகள் கழித்து, 2015 செப்டெம்பர் 14 இல், அத்தகைய மோதலிலிருந்து வந்த ஈர்ப்பலை அமெரிக்காவிலுள்ள லைகோ கருவிகளில் பதிந்தது. வந்த அலை கணித்த அலையோடு பொருந்தியது. ஒரு வரிச் சூத்திரத்துக்கு நூறு ஆண்டு உரை!

இந்த வரலாற்றில் தமிழர் ஒருவருக்கும் உரிய இடம் உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுப்பிரமணியன் சந்திரசேகர் 1983 இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் கருந்துளைகளின் கணிதக் கொள்கை பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. இயற்கையிலுள்ள பேருருவப் பொருள்களில் கருந்துளையே மிக எளிமையானது என்பது அவர் கருத்து. ஒரு மலையை விவரிக்க எண்ணற்ற செய்திகள் வேண்டும். இயற்கையில் உள்ள ஒரு கருந்துளையை விவரிக்க அதன் திணிவும் சுழற்சியும் போதும். இரண்டே எண்கள்! ஆனால் அந்த எளிமையை விளக்கும் கணக்குகள் அவரது தடித்த நூலுக்குள் அடங்கவில்லை. வரிகளுக்கிடையே விடுபட்ட படிகளைக் காண விரும்புவோருக்காக, ஏறத்தாழ 600 நெடுந்தாள்களையும் 6 குறிப்புப் புத்தகங்களையும் சிக்காகோ பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைத்திருப்பதாக அவர் அந்நூலில் குறிப்பிட்டார். உரையாசிரியர் மரபில் வந்த ஒருவருடைய செயல் போலவே அது தோன்றுகிறது. சூத்திரத்தின் அழகைப் பாடியதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு படியையும் பிறர் சரிபார்க்கும்படி விட்டுச் சென்றார்.

நேயர்களே, நம்மில் பெரும்பாலோர் அந்த 600 தாள்களைப் புரட்டப் போவதில்லை. சூத்திரத்தின் அழகை நாமும் சுவைக்கலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் உண்மை எளிமையாகத்தான் இருக்கும், ஆகவே எனக்கு விளங்காதது உண்மையாகாது என்று ஒருவர் மேடையில் முழங்கும்போது, கெப்ளரின் 8 கலையையும் புதனின் 43 விகலையையும் நினைத்துக்கொண்டு, “ஐயா, நீங்கள் கணக்குப் பார்த்தீர்களா?” என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கணக்குத் தெரியாதவரும் கேட்கக்கூடிய கேள்வி அது.